படை நீங்கிய ஊர்களும் அரசின் ஆதரவும்: திருவனந்தபுரம் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

படை தங்கும் இடத்தைச் சுற்றி ஊர் வளர்வது இயல்பு. வீரர்க்கு அரிசி, துணி, விறகு விற்போரும், தையற்காரர், சலவைத் தொழிலாளர், கொல்லர், வண்டியோட்டிகள் முதலியோரும் படையின் சம்பளத்தை நம்பி அங்குக் குடியேறுவர். அரசியல் மாற்றத்தால் படை நீங்கும்போது வீரரைக் காட்டிலும் இவர்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். ஆயினும் வரலாற்று நூல்கள் படை கலைக்கப்பட்ட நாளைக் குறிப்பதோடு நின்றுவிடுகின்றன. அதன்பின் ஊர் எவ்வாறு பிழைத்தது, அரசு அதற்கு என்ன செய்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

திருவனந்தபுரத்தின் பழைய கடைத்தெருவாகிய சாலையையும் அதனைச் சார்ந்த நகரையும் முன்வைத்து அவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1809, 1950, 1971 ஆகிய மூன்று ஆண்டுகளை ஒட்டிய நிகழ்வுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலிரண்டும் திருவிதாங்கூர் மண்ணில் நிகழ்ந்தவை. மூன்றாவது சிங்கப்பூரில் நிகழ்ந்து இம்மண்ணின் மக்களைத் தாக்கியது.

சாலையும் படையும்

சாலை என்னும் சொல் இன்று வழியைக் குறிப்பினும், பழங்காலத்தில் அரசின் கொடையால் உண்டியும் உறையுளும் அளித்துக் கல்வி புகட்டிய நிறுவனத்தையும் குறித்தது. கி.பி. 866-ஐச் சார்ந்த பார்த்திவசேகரபுரச் செப்பேடு, ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் தொண்ணூற்றைந்து சட்டர்களுக்கெனச் சாலை ஒன்றை நிறுவி நிலங்களை ஒதுக்கியதைக் கூறுகிறது. காந்தளூரில் வழங்கிய நெறிமுறையே அதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. காந்தளூர்ச் சாலை இன்றைய வலியசாலைப் பகுதியில் இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. வேறிடங்களைச் சுட்டுவோரும் உளர். முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் கூறும் ‘கலமறுத்தல்’ என்பதற்குக் கப்பல்களை அழித்தல் என ஒரு சாராரும், உண்கலத்தை நிறுத்துதல் என மற்றொரு சாராரும் பொருள் கொண்டனர். அச்சாலையில் போர்ப்பயிற்சியும் அளிக்கப்பட்டது என்று கருதுவோரும் உண்டு. எப்பொருள் கொள்ளினும், அரசின் கொடையை நம்பி வாழ்ந்த நிறுவனம் அரசியல் மாற்றத்துக்கு ஆட்பட்டது என்பது தெளிவு.

இன்றைய சாலைக் கடைத்தெரு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்கு உரியது. இதனை உருவாக்கியவர் திவான் இராஜா கேசவதாசர் என்பர். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வழியாகக் கரமனை நோக்கிச் செல்லும் இவ்வழியே நாஞ்சில் நாட்டு நெல்லும் திருநெல்வேலிச் சீமைச் சரக்கும் தலைநகருக்கு வந்து சேர்ந்தன. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த தமிழ் வணிகர் இங்குக் குடியேறினர். தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய காலமும் ஏறத்தாழ இதுவே. பழவங்காடிக் கணபதி கோயிலின் மரபு இம்மாற்றத்துக்குச் சான்றாகிறது. பத்மநாபபுரத்தில் காவலிருந்த நாயர் படையினர் இடம் மாறியபோது தம்முடன் இம்மூர்த்தியைக் கொண்டுவந்தனர் என்பது அம்மரபு. சாலையின் தலைவாயிலில் உள்ள இக்கோயில் இன்றும் இந்தியப் படையின் மதராஸ் ரெஜிமெண்டின் பராமரிப்பில் இருப்பது குறிப்பிடத்தக்கது.

படை வந்ததனால் திருவனந்தபுரம் பெற்றதனைப் பத்மநாபபுரம் இழந்தது. 1741-இல் குளச்சலில் சிறைப்பட்டுப் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைத்தலைவராக உயர்ந்த டிலனாய் 1777-இல் இறந்து புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். பீரங்கி வார்த்த அக்கோட்டையும், அருகிலிருந்த அரண்மனை நகரும் தலைநகர் மாற்றத்துக்குப்பின் தம் பழைய நிலையைத் திரும்ப எய்தவில்லை.

1809: கைவிடப்பட்ட வீரர்

படைவீரரின் படியைக் குறைத்துக் கருவூலத்தைச் சீர்செய்ய முயன்றதன் விளைவைத் திருவிதாங்கூர் 1804-லேயே கண்டது. திவான் வேலுத்தம்பி தளவாய் நாயர் படையினரின் படிகளைக் குறைக்க முனைந்தபோது அவர்கள் கிளர்ந்தெழுந்து தலைநகரை நோக்கி வந்தனர். கிளர்ச்சி கம்பெனியின் உதவியுடன் அடக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வந்த 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கை, கம்பெனியின் துணைப்படைக்காக ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாய் செலுத்தும் கடப்பாட்டைத் திருவிதாங்கூர் மீது சுமத்தியது. அப்படையின் தளம் கொல்லத்தில் அமைந்தது.

இச்சுமை 1809 சனவரியில் குண்டறை விளம்பரத்துக்கும் எழுச்சிக்கும் இட்டுச்சென்ற காரணங்களுள் ஒன்று. பெப்ருவரியில் ஆரல்வாய்மொழி அரண் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்நீத்தார். கர்நாடக பிரிகேடும் நாயர் படைப்பிரிவுகளும் கலைக்கப்பட்டு, அரண்மனைக் காவலுக்கும் சடங்குகளுக்கும் வேண்டிய சில நூறு பேர் மட்டுமே நிறுத்தப்பட்டனர். நாட்டின் பாதுகாப்பு கொல்லத்துத் துணைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, கலைப்புக்கு முன்னறிவிப்பு இல்லை; அது தோல்வியின் தண்டனையாக வந்தது. இரண்டாவது, படைக்கலங்கள் பயனற்றவையாக்கப்பட்டமையால் படைத்தளத்தின் உடைமைகள் வேறு தொழிலுக்கு உதவவில்லை. மூன்றாவது, துணைப்படைக்குரிய நிலுவையும் போர்ச்செலவும் அரசை நெருக்கின. விடுவிக்கப்பட்ட வீரர்க்கு வாழ்வளிக்க வேண்டிய கருவூலம் வேறொரு படைக்குச் சம்பளம் தேடிக்கொண்டிருந்தது. கர்னல் மன்றோ ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்து மேற்கொண்ட சீர்திருத்தங்களின் முதல் நோக்கம் இக்கடனைத் தீர்ப்பதாகவே அமைந்தது.

ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் (1815–1829) கம்பெனியின் இசைவுடன் நாயர் படை மீண்டும் பெருக்கப்பட்டது. 1830 முதல் அது நாயர் பிரிகேட் எனப்பட்டது. படை முகாமிட்ட இடமே இன்றைய பாளையம். கலைப்புக்கும் இம்மீட்டெடுப்புக்கும் இடைப்பட்ட காலத்தைச் சாலைக் கடைத்தெரு கடந்து நின்றமைக்கு அரசின் உதவி காரணமன்று. அதன் வணிகம் படையின் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. நாஞ்சில் நாட்டு நெல், கோயில், அரண்மனை, தலைநகர் மக்கள் ஆகிய நான்கும் அதனைத் தாங்கின. கோட்டையை மட்டும் நம்பிய உதயகிரிக்கு அத்தகைய தாங்குதூண் வாய்க்கவில்லை.

1950: இணைப்பும் ஈடும்

1949 சூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சமஸ்தானப் படை இந்தியப் படையில் சேர்க்கப்பட்டது. திருவிதாங்கூர் நாயர் காலாட்படையின் இரு பிரிவுகள் மதராஸ் ரெஜிமெண்டின் 9-ஆம், 16-ஆம் பட்டாலியன்களாக வாழ்வு பெற்றன. பாங்கோட்டில் படைமுகாம் தொடர்ந்தது. எனவே இம்முறை படை நீங்கவில்லை. அதன் உரிமையும் செலவும் கைமாறின.

பாதுகாப்புச் செலவு நடுவணரசுக்குச் சென்றபோது சுங்கம் முதலிய வருவாய்களும் உடன் சென்றன. வி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழு, சமஸ்தானங்கள் இழக்கும் வருவாயையும் அவற்றினின்று நீங்கும் செலவையும் கணக்கிட்டு, இடைவெளியை நடுவணரசு ஈடுசெய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1950 ஏப்ரல் முதல் நாள் நிதி இணைப்பு நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்பின் 278-ஆம் உறுப்பு இத்தகைய உடன்படிக்கைகளுக்கு இடமளித்தது. ஈட்டுத்தொகை பெற்ற அரசுகளுள் திருவிதாங்கூர்–கொச்சியும் ஒன்று. 1809-இல் படையை இழந்த நாடே தண்டமும் செலுத்தியது. 1950-இல் படையை ஏற்றுக்கொண்ட அரசு ஈடு வழங்கியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் ஏற்பட்ட இம்மாற்றம் சிறிதன்று.

1968–1971: சிங்கப்பூர்த் தளங்கள்

திருவிதாங்கூரின் உழைப்பாளர் உள்ளூர்ப் படையை மட்டும் சார்ந்து வாழவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் சிங்கப்பூரின் வடகரையில் உள்ள செம்பவாங்கில் கடற்படைத் தளம் அமைத்தபோது, மலையாளிகளும் தமிழரும் பெருந்தொகையாக அங்குப் பணிக்குச் சென்றனர். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான உலர்துறை 1938 பெப்ருவரியில் திறக்கப்பட்டது. எழுத்தர், பொருத்துநர், பண்டகசாலைக் காவலர், கூலியாள் எனப் பல நிலைகளில் அவர்கள் பணியாற்றினர். அவர்கள் அனுப்பிய பணம் இங்குக் குடும்பங்களைக் காத்தது.

1967 நவம்பரில் பவுண்டின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 1968 சனவரியில் பிரித்தானியப் பிரதமர் வில்சன், சூயசுக்குக் கிழக்கேயுள்ள படைகளை 1971 இறுதிக்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். மார்ச்சு என்று முதலில் கருதப்பட்ட எல்லையைச் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ இலண்டன் சென்று வாதாடி டிசம்பராக நீட்டித்தார். தளங்களின் செலவு அன்றைய சிங்கப்பூர் நாட்டு வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. நேரடிப் பணியில் 30,000-க்கு மேற்பட்டோரும், சார்ந்த தொழில்களில் மேலும் 40,000 பேரும் இருந்தனர் என அவர் தம் நினைவுக்குறிப்பில் கூறுகிறார்.

அரசின் நடவடிக்கைகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது உடைமை மாற்றம். தளங்களைப் பொருளாதாரப் பயனுக்கு மாற்றுவதற்கெனத் தனித்துறை நிறுவப்பட்டது. 1968 சூனில் செம்பவாங் கப்பல் தளம் நிறுவனமாகப் பதிவு பெற்றது. பெயரளவு விலையாக ஒரு டாலருக்குக் கடற்படைத் துறைகள் கைமாறின. நிருவாகம் பிரித்தானிய நிறுவனமான ஸ்வான் ஹண்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. போர்க்கப்பல் பழுதுபார்த்த கைகள் வணிகக் கப்பல்களைப் பழுதுபார்த்தன. படைத்தீவாயிருந்த பிளாக்காங் மாத்தி செந்தோசா எனப் பெயர் மாறிச் சுற்றுலாத் தலமாயிற்று. சாங்கி விமானத்தளம் இருந்த இடத்தில் 1981-இல் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது.

இரண்டாவது நிதி. பிரித்தானியா 5 கோடி பவுண்டு உதவி அளித்தது. அதில் நான்கில் ஒரு பங்கே நன்கொடை, எஞ்சியது கடன். அத்தொகை பிரித்தானியப் பொருள்களையும் சேவைகளையும் வாங்குவதற்கே உரியது. மூன்றாவது தொழில்சார் நடவடிக்கை. பணி நீங்குவோர்க்குப் புதுத்தொழிற் பயிற்சி அளிக்கப்பட்டது. அதே வேளையில் 1968-இன் வேலைவாய்ப்புச் சட்டம் வேலை நேரம், விடுப்பு, மிகைநேர ஊதியம் ஆகியவற்றை முதலீட்டாளர்க்கு இசைவாக வரையறுத்தது. ஆதரவின் விலையில் ஒரு பகுதியைத் தொழிலாளரே செலுத்தினர் என்பது இதனால் புலனாகும்.

1971 அக்டோபர் இறுதியில் பிரித்தானியத் தூரகிழக்குத் தலைமையகம் மூடப்பட்டபோது அஞ்சப்பட்ட பேரளவு வேலையின்மை நேரவில்லை. பன்னாட்டு ஆலைகளின் வருகை பெருங்காரணமாயினும், மூன்றாண்டு அவகாசமும் பயன்படத்தக்க உடைமைகளும் இல்லையெனில் இம்மாற்றம் எளிதாயிராது.

ஆதரவின் எல்லை

இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. சிங்கப்பூர் 1965-இல் தனிநாடானபின் குடியுரிமையற்றோர் வேலைக்கு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியவராயினர். வேலைப் பற்றாக்குறை அஞ்சப்பட்ட காலத்தில் குடிமக்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. பிறந்த ஊரில் குடும்பத்தை வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் தளத்தில் உழைத்த இந்தியக் குடிமக்கள் பலர், பணி முடிவுத் தொகையைப் பெற்றுக்கொண்டு தாயகம் திரும்பினர்; சிலர் பிரித்தானியாவுக்குச் சென்றனர். எந்த அரசின் கணக்கிலும் அவர்கள் முழுமையாக இடம்பெறவில்லை. பிரித்தானியாவின் பொறுப்பு பணிக்கொடையோடு முடிந்தது. சிங்கப்பூரின் பொறுப்பு குடியுரிமையோடு நின்றது.

தாயகத்தின் நிலையும் கருதத்தக்கது. வெளிநாடு வாழ் கேரளரின் நலனுக்கெனக் கேரள அரசு தனித்துறை அமைத்தது 1996 டிசம்பரில்தான். செம்பவாங் தளத்தினர் திரும்பி இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் வந்த அத்துறை, வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரை மனத்தில் கொண்டு எழுந்தது. திரும்பியவர்கள் சேமிப்பையும் கைத்தொழிலையும் கொண்டு தாமே வாழ்வை அமைத்துக்கொண்டனர்.

முடிவுரை

மேற்கண்ட மூன்று நிகழ்வுகளையும் ஒப்பிடுகையில், படைத்தளம் மூடப்படும் ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது உதவித்தொகையின் அளவு மட்டுமன்று என்பது பெறப்படுகிறது. நீங்குமுன் கிடைக்கும் காலம், விட்டுச்செல்லப்படும் உடைமை, ‘நம்மவர்’ என அரசு கணக்கில் கொள்ளும் மக்கள் ஆகிய மூன்றுமே முதன்மையானவை. 1809-இல் இம்மூன்றும் இல்லை. 1950-இல் ஈடு கிடைத்தது; ஆயினும் அது அரசுகளுக்கிடையிலான ஈடேயன்றித் தனிமனிதர்க்கு உரியதன்று. 1971-இல் காலமும் உடைமையும் கிடைத்தன. மூன்றாவது பாதியளவே நிறைவேறியது.

சாலைக் கடைத்தெரு கற்பிக்கும் பாடமும் இதனோடு இயைவது. பல ஊற்றுகளிலிருந்து நீர் பெறும் குளம் ஓர் ஊற்று அடைபட்டாலும் வற்றுவதில்லை. அத்தகைய பன்முக வணிகம் இல்லாத இடத்தில் அதனை உருவாக்கித் தருவதே அரசின் கடமை. அக்கடமையை நிறைவேற்றும்போது, தளத்தில் உழைத்தவர் எந்நாட்டவர் என்பதைக் காட்டிலும் எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதே அளவுகோலாதல் வேண்டும். செம்பவாங்கிலிருந்து திரும்பியோரின் வரலாறு வலியுறுத்துவது இதனையே.