டிரக்கோமா: கண்நோய் வரலாறு திருச்சபைக்குக் கற்பிப்பது

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் மருத்துவமனைகளைக் கணக்கிடுகின்றனர், கிணறுகளைக் கணக்கிடுவதில்லை. இக்குறையை டிரக்கோமா என்னும் கண்நோயின் வரலாறு நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றது.

கிளமிடியா என்னும் நுண்ணுயிரால் வரும் இத்தொற்று, கழுவாத விரல்களாலும், பலர் முகம் துடைக்கும் ஒரே துணியாலும், குழந்தைகளின் கண்பீளையை மொய்க்கும் ஈக்களாலும் பரவுகின்றது. தொற்று பன்முறை வருங்கால் இமையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்கும். இமைமயிர் உள்மடங்கிக் கருவிழியை உராயும். ஈற்றில் பார்வை மறையும்.

1798-இல் தொடங்கிய நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பின், கண்நோயோடு திரும்பிய வீரர்களால் ஐரோப்பா அஞ்சியது. அக்காலத்தில், 1805-இல், லண்டனில் கண்ணுக்கெனத் தனி மருத்துவ நிலையம் எழுந்தது. 1819-இல் ராபர்ட் ரிச்சர்ட்சன் சென்னையில் கண் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையாயிற்று. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குக் கல்விப் பணி தொடங்கினார். இவை போற்றத்தக்கனவே. ஆயினும், இவை பெரும்பாலும் நோய் வந்த பின் நீட்டிய கரங்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

நோயை வேரறுக்கும் முயற்சி வேறு திசையில் சென்றது. 1963-இல் இந்திய அரசு தேசிய டிரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வறண்ட வடமேற்கு மாநிலங்களில் நோய் மிகுந்தும் தென்னாட்டில் குறைந்தும் இருந்தது. அறுவை சிகிச்சை, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆகியவற்றுடன் முகத்தூய்மை, சுற்றுப்புறத் தூய்மை ஆகிய இரண்டும் உலக அளவில் வகுக்கப்பட்ட முறையில் இடம்பெற்றன. 2024 அக்டோபரில், பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து இந்தியாவில் இந்நோய் நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் தழும்பால் இழந்த பார்வை மீள்வதில்லை. முன்பே நோயுற்றவர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர்.

யோவான் 9-ஆம் அதிகாரத்தின் மனிதன் பிறவிக் குருடன். அவனுக்கு வந்தது இந்நோயன்று. எனினும், சீலோவாம் குளத்தில் கழுவிய பின்னரே அவன் பார்வை பெற்றான் என்பது சிந்திக்கத்தக்கது. மழையை நம்பி வாழும் இராஜபாளையம், தளவாய்புரம் வட்டாரம் போன்ற இடங்களில் ஊழியம் செய்யும் நாம், ஒரு குழந்தை முகம் கழுவப் போதிய நீர் வீட்டில் உண்டோ என்று கேட்பதும் ஆயர் பணியே. குணமாக்குதலுக்கு நன்றி கூறும் சபை, காத்தலையும் தன் வரலாற்றில் எழுதக் கற்கவேண்டும்.