இரண்டு விநாடி மின்சாரம்

தொடக்ககால மோட்டார் கார்களை ஹேண்டில் போட்டுத்தான் கிளப்ப வேண்டும். தீப்பொறி சற்று முந்தி விழுந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். சுற்றியவரின் மணிக்கட்டு முறியும். இந்த ஆபத்துக்கு முடிவு கட்ட விரும்பினார் காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்ட். வேலையை ஏற்றவர் ஓஹியோ மாநிலம் டேட்டனில் டெல்கோ நிறுவனத்தை நடத்திய சார்லஸ் கெட்டரிங்.

எஞ்சினைச் சுற்றும் வலுவுள்ள மோட்டார் காருக்குள் அடங்காது என்றே அன்று பலரும் எண்ணினர். நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்கு அது சரி. கெட்டரிங்கோ முன்பு கடைகளின் கல்லாப் பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்தியவர். சில கணமே இயங்கும் சிறு மோட்டார், சூடேறுவதற்குள் தன் அளவை மீறிய திறனைத் தரும் என்பது அவருக்குத் தெரியும். 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்கள் செல்ஃப் ஸ்டார்ட்டருடன் வந்தன. அதே இயந்திரம், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஜெனரேட்டராகிப் பேட்டரிக்கு மின்னேற்றியது. கிளப்புவதற்கு 24 வோல்ட். விளக்குகளுக்கு 6 வோல்ட்.

அவர் கண்டுகொண்டதன் அருமை ஒரு சிறு கணக்கில் விளங்கும். மின்னழுத்தம், மின்னோட்டம், நேரம் மூன்றையும் பெருக்கினால் ஆற்றல். இன்றைய 12 வோல்ட் பேட்டரியில் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது முனைகளில் சுமார் 10 வோல்ட்தான் நிற்கும். மீதி பேட்டரியின் உள்தடையில் வெப்பமாகக் கரையும். ஆகவே 12 என்று வைத்துப் பெருக்குவது தவறு. இரண்டு விநாடிக்கு 10 × 200 × 2 = 4,000 ஜூல், அதாவது 1.1 வாட்-மணி. 10 வாட் எல்.இ.டி. பல்பு ஏழு நிமிடம்கூட எரியாது. 60 ஆம்பியர்-மணி பேட்டரியின் கொள்ளளவோ ஏறத்தாழ 720 வாட்-மணி. செலவான மின்னூட்டம் 400 கூலும். 20 ஆம்பியர் வீதம் மின்னேற்றினால் அரை நிமிடத்துக்குள் ஈடாகிவிடும்.

ஆற்றல் அற்பம், திறனோ 2,000 வாட். அதனால்தான் கேபிள்கள் தடிமனாக இருக்கின்றன. 1950களில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டை விட்டு 12 வோல்ட்டுக்கு மாறியதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்: அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும்.

குளிரில் எண்ணெய் இறுகும், பேட்டரியின் வேதிவினையும் மந்தமாகும். எனவே அமெரிக்கத் தரமுறை, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 விநாடி தரக்கூடிய ஆம்பியரைக் கொண்டு ஸ்டார்ட்டர் பேட்டரியை மதிப்பிடுகிறது. 400 ஆம்பியர் என்று குறித்த பேட்டரி, அந்தக் கடும் சோதனையிலும் குறைந்தது 24 வாட்-மணி தந்தால் போதும்.