தோற்காமல் கீழிறங்கியவர்கள்

ரோச்செஸ்டர் ரைனோஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வரலாற்றை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். ‘அமெரிக்காக்காரனே பெருசா பார்க்காத ஆட்டம், அதிலும் ரெண்டாம் டிவிஷன் டீம், அதுவும் செத்துப்போன டீம். இதுல தொழிலாளி எங்கப்பா வர்றான்?’ என்றார். கேள்வி நியாயமானதுதான். விளையாட்டைப் பற்றி நம்மிடம் இருப்பவை இரண்டு வகை எழுத்து மட்டுமே: ஒன்று, யார் எத்தனை கோல் போட்டான் என்ற பட்டியல், மற்றது, விளையாட்டு மக்களை மயக்கும் அபின் என்று நாலு வரியில் முடித்துக்கொள்வது. இரண்டுக்குமே ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நான் எழுத நினைத்தது வேறு. ஆடுகளத்தில் தோற்காமலே ஒரு அணி மூன்றாம் பிரிவுக்குப் போகிறது. அது எப்படி என்று கேட்டால், தோல்வி என்ற சொல்லுக்கே அங்கே வேறு அகராதி இருப்பது தெரியவருகிறது.

முதலில் ஊர். நியூயார்க் மாநிலத்தின் வடமேற்கில், ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில் இருக்கிறது ரோச்செஸ்டர். அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1847இல் பத்திரிகை தொடங்கிய ஊர். பெண்ணுக்கு வாக்கில்லை என்ற சட்டத்தை மீறி சூசன் பி. அந்தோணி 1872இல் வாக்களித்துக் கைதான ஊர். பிறகு அது கோடாக்கின் ஊராயிற்று. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1912இலேயே தொழிலாளர்களுக்கு லாபத்தில் பங்கு தரத் தொடங்கினார். தர்மசிந்தனை என்று சொன்னார்கள். தொழிற்சங்கம் உள்ளே வராமலிருக்கப் போட்ட வேலி என்றும் சொல்லலாம். வேலி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அந்தப் பெரிய குடும்பத்தில் கறுப்பர்களுக்கு இடம் அபூர்வம். 1964 ஜூலையில் ஊர் கொந்தளித்தது. அதன் பின் உருவான ‘ஃபைட்’ என்ற கறுப்பர் அமைப்புடன் 1966 டிசம்பரில் 600 பேருக்கு வேலை தருவதாகக் கோடாக்கின் அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டார். சில நாட்களில் அவருக்கு அந்த அதிகாரமே இல்லை என்று நிறுவனம் கைகழுவிற்று. கையெழுத்து இருந்தும் செல்லாமல் போவது அந்த ஊருக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் கோடாக் அந்த ஊரில் மட்டும் சுமார் 60,000 பேருக்கு வேலை கொடுத்தது. 2012 ஜனவரியில் அது திவால் மனு போட்டபோது ஏழாயிரம் பேர்கூட இல்லை. ரைனோஸ் அணியின் கதை முழுக்க இந்தச் சரிவுக்குள் நடப்பது.

அதற்கு முன்பும் அங்கே கால்பந்து இருந்தது. தையல் தொழிலுக்கும் ஆலை வேலைக்கும் வந்து குடியேறிய இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பியர்களும் அதைக் கூடவே கொண்டுவந்தார்கள். 1967இல் தொடங்கிய ரோச்செஸ்டர் லான்சர்ஸ் அணி 1970இல் அன்றைய முதல் பிரிவான வட அமெரிக்கக் கால்பந்து லீகையே வென்றது. 1971 அரையிறுதியில் டல்லஸ் டொர்னாடோ அணியோடு மோதிய ஆட்டம் முடியவே மாட்டேன் என்று 176 நிமிடம் போனது, கிட்டத்தட்ட இரண்டு ஆட்டம். கடைசியில் கார்லோஸ் மெட்டிடியேரி கோல் போட்டு முடித்துவைத்தார். அந்த ஆட்டத்தில் ஜெயித்தும் தொடரில் தோற்றார்கள். கோப்பை டல்லஸுக்குப் போயிற்று. டல்லஸ் அணியின் முதலாளி லமார் ஹண்ட், டெக்சாஸ் எண்ணெய்ச் சீமான் எச்.எல். ஹண்டின் மகன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லான்சர்ஸ் 1980உடன் முடிந்தது, லீக் அதற்குப் பிறகு நாலு வருஷம் தாங்கிற்று.

1994 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையை அமெரிக்கா வாங்கியபோது கொடுத்த வாக்குறுதி, ஒரு முதல் பிரிவு லீகை உருவாக்குவது. 1996இல் மேஜர் லீக் சாக்கர் பத்து அணிகளோடு பிறந்தது. இதன் அமைப்பு விசித்திரம். அணிகள் தனித்தனி நிறுவனங்கள் அல்ல; லீக் என்பதே ஒரே நிறுவனம், ‘முதலாளிகள்’ அதில் பங்குதாரர்கள், ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் லீகின் கையில். ஒருவனுக்காக இரண்டு அணிகள் போட்டிபோட்டுச் சம்பளத்தை ஏற்றிவிடக் கூடாதே! ஆட்டக்காரர்கள் 1997இல் வழக்குப் போட்டார்கள். 2002இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். சுதந்திரச் சந்தையின் தாயகத்தில், களத்துக்குள் மட்டும் போட்டி, களத்துக்கு வெளியே கூட்டுறவு. ஆனால் இந்தக் கூட்டுறவு முதலாளிகளுக்கு மட்டும். நண்பர் கேட்ட தொழிலாளி வருகிற முதல் இடம் இது.

அதே 1996இல், அதற்குக் கீழே இருந்த ஏ-லீகில் ரோச்செஸ்டர் ரேஜிங் ரைனோஸ் தொடங்கியது. முதல் வருஷமே யு.எஸ். ஓப்பன் கோப்பையின் இறுதிக்குப் போனார்கள். 1914இலிருந்து நடந்துவரும் இந்தக் கோப்பைதான் எந்தப் பிரிவு அணியும் எந்தப் பிரிவு அணியோடும் மோதக்கூடிய ஒரே வாசல். டம்பாவையும் கொலராடோவையும் ஜெயித்துவிட்டு, இறுதியில் டி.சி. யுனைட்டெடிடம் 3-0 என்று தோற்றார்கள். ஊர் பிடித்துக்கொண்டது. கோடாக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஃப்ரண்டியர் ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானத்தில், பேஸ்பாலுக்கு வரைந்த கோட்டின் மேல் கால்பந்து ஆடினார்கள். பத்தாயிரத்துக்கும் மேல் சராசரியாகக் கூட்டம் வந்தது. முதல் பிரிவிலேயே சில அணிகளுக்கு அந்தக் கூட்டம் இல்லை. 1998, 2000, 2001 என்று மூன்று முறை ஏ-லீகை வென்றார்கள். பயிற்சியாளர் பாட் எர்கோலி பழைய லான்சர்ஸ் ஆட்டக்காரர். (லெனின் ஸ்டீன்காம்ப் என்ற தென்னாப்பிரிக்கர் இந்த அணியில் பல வருஷம் ஆடினார். அமெரிக்க மைதானத்தில் லெனின் பெயரைச் சொல்லிக் கைதட்டியிருக்கிறார்கள் என்பது தோழர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்.)

1999க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஓப்பன் கோப்பையில் சிகாகோ ஃபயர், டல்லஸ் பர்ன், கொலம்பஸ் க்ரூ, கொலராடோ ரேப்பிட்ஸ் என்று முதல் பிரிவு அணிகள் நான்கை வரிசையாக ஜெயித்து ரைனோஸ் கோப்பையை எடுத்தது. இதில் சிகாகோ முந்தைய வருஷத்தின் கோப்பைக்காரர்கள். செப்டம்பர் 14 அன்று நடந்த இறுதியில் கொலராடோவுக்கு எதிராக 2-0. டக் மில்லர் ஒன்று, யாரி ஆல்நட் ஒன்று. இதைவிடச் சுவையான விஷயம் பின்னணியில் இருக்கிறது. அந்த வருஷம்தான் கோப்பைக்கு லமார் ஹண்டின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ஆட்டம் நடந்தது கொலம்பஸ் நகரில், ஹண்ட் தன் பணத்தில் கட்டி அதே வருஷம் திறந்த மைதானத்தில். அரையிறுதியில் ரைனோஸ் வீட்டுக்கு அனுப்பிய கொலம்பஸ் க்ரூ ஹண்டின் சொந்த அணி. ஆக, ஹண்டின் பெயர்கொண்ட முதல் கோப்பையை, ஹண்டின் மைதானத்தில், ஹண்டின் அணியைத் தாண்டி வந்து, ஹண்டின் லீகில் சேர்க்கப்படாதவர்கள் தூக்கினார்கள். கூட்டம் ஐயாயிரம்கூட இல்லை. எம்எல்எஸ் வந்த பிறகு அதற்கு வெளியே இருந்து இந்தக் கோப்பையை வென்ற அணி இது ஒன்றுதான். 2008இல் சார்ல்ஸ்டனும் 2022இல் சேக்ரமென்டோவும் இறுதிவரை போய்த் தோற்றன.

சரி, ஜெயித்ததற்கு என்ன கிடைத்தது? இங்கிலாந்திலோ பிரேசிலிலோ கீழ்ப்பிரிவில் முதலில் வருபவன் மேலே போவான், மேலே கடைசியில் இருப்பவன் கீழே இறங்குவான். அமெரிக்காவில் அந்த ஏணியே கிடையாது. மேலே போக வேண்டுமானால் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். 2007இல் டொரொன்டோ கட்டியது 1 கோடி டாலர். 2019இல் சார்லட் 32.5 கோடி, 2023இல் சான் டியேகோ 50 கோடி. அணியின் பிரிவைக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதிமுறைகள் தீர்மானிக்கின்றன. முதல் பிரிவுக்கு முதன்மை உரிமையாளரின் சொத்து 4 கோடி டாலர் இருக்க வேண்டும், இரண்டாம் பிரிவுக்கு 2 கோடி, மூன்றாம் பிரிவுக்கு 1 கோடி. அதாவது ‘இரண்டாம் பிரிவு’ என்பது ஆட்டத்தைப் பற்றிய வர்ணனை அல்ல. முதலாளியின் சொத்தைப் பற்றிய வர்ணனை. ‘தகுதி’, ‘திறமை’ என்று யார் வாயெடுத்தாலும் யாருடைய தகுதி என்று திருப்பிக் கேட்கப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆச்சரியமெல்லாம் இதை இவ்வளவு பச்சையாக, எண்ணால் எழுதிவைத்திருக்கிறார்களே என்பதுதான்.

ரோச்செஸ்டர்காரர்கள் கதவு திறக்கும் என்று நம்பினார்கள். மைதானம் கட்டினால் எம்எல்எஸ் வரும் என்று, மாநில அரசின் மானியமும் சேர்ந்து, சுமார் 3.5 கோடி டாலர் செலவில் 2006இல் 13,000 பேருக்குக் கொஞ்சம் மேல் கொள்ளும் மைதானம் ஒன்று கால்பந்துக்கென்றே எழுந்தது. (ஊருக்கு அப்போது ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த டொரொன்டோ மேல் ஒரு கண். 2004இல் அங்கே போகும் வேகக்கப்பல் விட்டார்கள், 2005இல் நகராட்சியே அதை வாங்கிற்று, 2006 ஜனவரியில் நிறுத்திற்று.) கப்பல் போய்ச் சேராத டொரொன்டோவுக்குத்தான் எம்எல்எஸ் வந்தது. ரோச்செஸ்டரில் கடன் மிஞ்சியது. 2008இல் பழைய உரிமையாளர்கள் கையைவிட்டு அணி போயிற்று. மைதானம் நகராட்சியின் தலையில் விழுந்தது.

இந்த இடத்தில்தான் தலைப்பில் சொன்ன விஷயம். கீழ்ப்பிரிவு முதலாளிகளுக்குள் சண்டை வந்து லீக் இரண்டாக உடைய, 2010 பருவத்துக்கு மட்டும் சம்மேளனமே தற்காலிக இரண்டாம் பிரிவு ஒன்றை நடத்தியது. அதில் மொத்தப் புள்ளிப்பட்டியலில் முதலில் வந்தது ரைனோஸ். அடுத்த வருஷம், 2011இல், ரைனோஸ் எங்கே ஆடியது? மூன்றாம் பிரிவில்! புதிய விதிகளும் புதிய லீக் கணக்குகளும் உரிமையாளருக்கு எது கட்டுப்படியாகும் என்பதும் சேர்ந்து முடிவுசெய்தன. முதலிடம் வந்தவன் கீழே இறங்குகிறான். 2015இல் அந்த மூன்றாம் பிரிவில் பருவம் முழுக்க ஒரே ஒரு ஆட்டம் மட்டும் தோற்று, இறுதியில் எல்.ஏ. கேலக்ஸியின் இரண்டாம் அணியைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று கோப்பை எடுத்தார்கள். மேலே போனார்களா? போனார்கள், 2017 ஜனவரியில். கோப்பைக்காக அல்ல, அவர்கள் இருந்த லீகுக்கே இரண்டாம் பிரிவு என்ற முத்திரை தாளில் குத்தப்பட்டதால். அந்த வருஷக் கடைசியிலேயே பணமில்லை என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஜெயித்தபோது இறங்கினார்கள், சும்மா இருந்தபோது ஏறினார்கள், ஏறிய வருஷமே மூச்சு நின்றது. ஆட்டக்காரன் காலால் எழுதியதை யாரோ கணக்குப் பிள்ளை பக்கத்து அறையில் அழித்து அழித்து எழுதுகிறான்.

மைதானத்தின் பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்தாலே பாதி வரலாறு வந்துவிடும். தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பெயரில் திறந்தது. பிறகு வாகனம் விற்பவர் பெயர். பிறகு பஃபலோ நகரத்து சாசேஜ் கம்பெனியின் பெயர். பிறகு விளையாட்டு உடுப்பு வியாபாரி. நடுநடுவே யாரும் காசு கொடுக்காத நாட்களில் மட்டும் அணியின் சொந்தப் பெயர். தன் பெயரில் இருப்பது என்பதே அங்கே விற்பனையாகாமல் கிடப்பதன் அடையாளம். இதைக் குறியியல் என்று சொல்லி இரண்டு பக்கம் ஓட்டலாம், வேண்டாம்.

ரசிகர்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக்கி அனுதாபப்படவும் எனக்கு விருப்பமில்லை. வீட்டுக்குப் பக்கத்து அணி உலகத்தரமாக வேண்டும் என்ற ஆசையில் அவர்களும் எம்எல்எஸ் கனவைத்தான் கண்டார்கள். அணியைத் தாங்களே வாங்கி நடத்துவது என்ற யோசனை ஊரில் வேர்பிடிக்கவில்லை. லாபத்தில் பங்கு கொடுத்து ஒரு முதலாளி அறுபது எழுபது வருஷம் பார்த்துக்கொண்ட ஊரில், அடுத்த முதலாளி வருவார் என்று காத்திருப்பதுதான் பழக்கம். இது என் ஊகம். ஆனால் 2021இல் நடந்ததைப் பார்த்தால் ஊகம் அவ்வளவு தப்பில்லை என்றே படுகிறது. அந்த ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் ஜேமி வார்டி அணியில் பங்கு வாங்கினார். லெஸ்டர் சிட்டியோடு 2016இல் பிரீமியர் லீகை வென்றவர், அதற்குமுன் தொழிற்சாலையில் வேலைசெய்துகொண்டே ஏழாம் எட்டாம் படியில் ஆடியவர். ஏணி இருக்கிற நாட்டில் அடியிலிருந்து உச்சிக்குப் போன ஆள், ஏணி இல்லாத நாட்டில் பங்குதாரர்.

காண்டாமிருகத்தைத் தூக்கிவிட்டு ‘ரோச்செஸ்டர் நியூயார்க் எஃப்சி’ என்று பெயர் மாற்றினார்கள். 2022இல் களத்துக்குத் திரும்பியது எம்எல்எஸ் நெக்ஸ்ட் ப்ரோவில், எம்எல்எஸ் அணிகள் தங்கள் பையன்களைப் பழக்குவதற்கு நடத்தும் மூன்றாம் பிரிவு லீக் அது. இருந்த 21 அணிகளில் இருபது, மேலே உள்ள யாரோ ஒருவரின் இரண்டாம் அணி. தனி அணி ரோச்செஸ்டர் மட்டும். நகராட்சியின் மைதானத்தில்கூட அவர்கள் ஆடவில்லை, மன்ரோ சமுதாயக் கல்லூரி மைதானத்தில் ஆடினார்கள். ஒரே பருவம், 2023 மார்ச்சில் மூடிவிட்டதாக அறிவித்தார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் எம்எல்எஸ் இன்னொரு அறிவிப்புச் செய்தது. இனி ஓப்பன் கோப்பைக்கு முதல் அணிகளை அனுப்புவதில்லை, நெக்ஸ்ட் ப்ரோ பையன்களை அனுப்புகிறோம் என்று. ஆட்டங்கள் அதிகம், வீரர்கள் களைக்கிறார்கள், இப்படிக் காரணங்கள். சம்மேளனம் மறுத்தது, பேரம் நடந்தது, 2024இல் எட்டு எம்எல்எஸ் அணிகள் மட்டும் தங்கள் முதல் அணியோடு வந்தன. இதை நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, ‘அந்த 176 நிமிஷ ஆட்டத்துல ஓவர்டைம் காசு கொடுத்தாங்களா?’ என்று கேட்டார்.