விபுலாநந்தர், சுவாமி (1892–1947)

இரசாயனம் படிப்பித்த ஆசிரியர். வழக்கொழிந்த நரம்பிசைக் கருவியான யாழின் வரலாற்றை எழுதித் தமிழிசை ஆய்வில் இடம்பிடித்தவர். மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் 1892 மார்ச் 27 அன்று பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனம்.

1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். இரு படிப்புகளையும் அவர் கடைசிவரை கைவிடவில்லை. கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் சம்பத்தரிசியார் கல்லூரியிலும் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழக பி.எஸ்.சி. பட்டத்தையும் பெற்றார். 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். 1920களின் நடுப்பகுதியில் திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் ஏற்றபோது, அதை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

அவருடைய பெருநூல் ‘யாழ் நூல்’. சங்கப் பாடல்கள் புகழும் யாழில் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. எஞ்சியவை பாட்டும் உரையும்தான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அவர் இலக்கியமாக மட்டும் படிக்கவில்லை, செய்முறைக் குறிப்பாகவும் படித்தார். நரம்பை மூன்றில் இரண்டு பங்காகக் குறுக்கினால் இளி என்னும் ஐந்தாம் சுரம் பிறக்கும். பாதியாக்கினால் முழு நரம்பின் சுரமே மேல்தானத்தில் ஒலிக்கும். ஏழு சுரங்களுக்கும் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று உரைகள் சொல்லும் 22 அலகுகளையும் (நுண் இசை இடைவெளிகளையும்) இப்படி அளவும் விகிதமுமாக்கிப் பார்த்தார். தொடக்கச் சுரத்தை மாற்றிப் புதிய சுரவரிசைகளைப் பெறும் ‘பாலை திரியும்’ முறையையும் கணக்கிட்டே விளக்கினார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் ஆகியவற்றின் உறுப்புகளைத் தனி இயலில் ஆராய்ந்தார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் இசை அறிஞர்கள் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் கணக்கை வெளிப்படையாக எழுதிவைத்திருப்பதால், மறுப்பவரும் எண்களைக் கொண்டே மறுக்க வேண்டியிருக்கிறது. பழம்பெருமை பேசும் எத்தனையோ நூல்களில் இந்த வசதி கிடையாது.

நூல் 1947 ஜூன் மாதம் தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அவர் ஆய்வின்படி செய்த யாழ்களும் அரங்கேற்றத்தில் ஒலித்தன. ஆறு வாரம் கழித்து, ஜூலை 19 அன்று, கொழும்பில் காலமானார். மட்டக்களப்பு கல்லடியில், தாம் உருவாக்கிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார்.