ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடுதல்: விருத்தாசலத்துப் பீங்கானும் வேலையின் வருங்காலமும்

தானியங்கி இயந்திரங்களும் கணிப்பொறியும் மனிதர்களின் வேலையைப் பறித்துவிடுமா என்ற விவாதத்தில் பெரும்பாலும் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஒரு தொழிற்சாலைக்குள் புதிய இயந்திரம் வந்து இறங்குகிறது. அதுவரை அந்த இடத்தில் நின்றிருந்த தொழிலாளி வெளியே அனுப்பப்படுகிறார். கார் தொழிற்சாலைகளுக்கும் வங்கிகளுக்கும் இக்காட்சி ஓரளவு பொருந்தலாம். சிறுநகரங்களில் வேலை மறையும் விதம் வேறு. விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் அதற்குத் தெளிவான சான்று என்பது என் எண்ணம்.

விருத்தாசலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும்தான். திருமுதுகுன்றம் என்ற பழம்பெயரோடு ஒப்பிட்டால் பீங்கான் நகரம் என்ற அடையாளம் நேற்று வந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. அதை மூடியிருந்த மண்ணைத் தோண்டி அகற்றியபோது கிடைத்தவற்றுள் வெண்களிமண்ணும் ஒன்று. நெய்வேலிக்கு அருகிலேயே இருக்கும் விருத்தாசலம், விழுப்புரம் - திருச்சி பாதையில் அமைந்த ரயில் சந்திப்பு. சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்து கிளைப்பாதைகள் பிரிகின்றன. மண்ணும் போக்குவரத்தும் பக்கத்தில் இருக்க, அரசின் பீங்கான் தொழிற்பேட்டையும் பட்டயப் படிப்புக்கான பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் இங்கே அமைந்தன. ஊரின் இந்த அடையாளம் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ஒன்று என்பதை நாம் மறக்கக் கூடாது.

இங்கே உருவானவை பெரும்பாலும் சிறு பட்டறைகள். மின்சாதனங்களுக்கான பீங்கானில் ஏறத்தாழப் பாதி களிமண். மீதி குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். அரைத்துச் சலித்துப் பிசைந்த அந்த மண்ணை இரும்பு அச்சில் வைத்துக் கையால் அழுத்தினால் ஃபியூஸ் கட்டையின் வடிவம் கிடைக்கும். பொம்மை என்றால் முறை வேறு. கூழாகக் கரைத்த களிமண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் தோல் போல மண் படியும். எஞ்சியதைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும். அச்சின் விளிம்புத் தழும்பை ஈரப் பஞ்சால் துடைத்து, மெருகுக் குழம்பில் முக்கி, சூளையில் அடுக்க வேண்டும். ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்து இன்சுலேட்டர், கொலு பொம்மை, கார்த்திகை அகல் எல்லாம் இப்படிப் பல கைகள் மாறித்தான் உருவாயின.

இதில் அரிய அறிவு சூளைக்காரருடையது. ஏறத்தாழ 1,250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை, சூளையின் கண் துளை வழியே தெரியும் நெருப்பின் நிறத்தைக் கொண்டே அவர் அறிவார். ஒரு மணி நேரக் கவனக்குறைவு பல நாள் உழைப்பை உருக்கிவிடும். இந்த அறிவை மனிதரிடமிருந்து கருவிக்கு மாற்றும் முயற்சி மிகப் பழையது. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் 1782இல் களிமண் துண்டின் சுருக்கத்தைக் கொண்டு சூளை வெப்பத்தை அளக்கும் கருவியைச் செய்தார். தொழிலாளர்களைத் தவறே செய்யாத இயந்திரங்களாக ஆக்க விரும்பியவரும் அவரே. 1886இல் ஜெர்மனியின் ஹெர்மன் சேகர், குறித்த வெப்பத்தில் வளைந்து சாயும் கூம்புகளைக் கொண்டுவந்தார். பின்னர் மின்வெப்பமானி வந்தது. அதன் பிறகு வெப்பத்தைத் தானே ஏற்றி இறக்கும் எண்மக் கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. ஒரு மனிதர் இருபது ஆண்டுகளில் கற்ற பார்வையை இன்று ஒரு சிறு பெட்டி செய்துவிடுகிறது. சேதம் குறைந்தது, எரிபொருள் மிச்சமானது என்ற நன்மைகளை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தப் பெட்டியின் முழுப்பயனும் விளைந்தது வேறு ஊர்களில். குஜராத்தின் மோர்பியில் உருளைச் சூளைகளில் நகர்ந்து செல்லும் ஓடு ஒரு மணி நேரத்துக்குள் வெந்து வெளியே வருகிறது. பழைய அறைச் சூளைக்கு அடுக்கி, எரித்து, ஆறவிடப் பல நாட்கள் வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஸ்பெயினின் கெராஜெட் நிறுவனம் ஓட்டின் மீது மைத்துளிகளால் நேரடியாக அச்சிடும் எந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இம்முறை, வண்ண அச்சுத் திரை செய்பவர்களையும் உருளை செதுக்குபவர்களையும் ஓரங்கட்டிவிட்டது. விருத்தாசலம் ஓடுகளுக்குப் பெயர்பெற்ற ஊரல்லதான். ஆனால் மூலதனமும், பீங்கான் படித்த இளைஞருக்கான நல்ல வேலையும் இத்தகைய பெருஞ்சூளைகள் இருக்கும் இடங்களுக்கே போகின்றன. சிறு பட்டறை அந்த எந்திரங்களை வாங்கவும் முடியாது, அவற்றோடு விலையில் போட்டியிடவும் முடியாது.

இதைவிட ஆழமான அடி இன்னொரு திசையிலிருந்து வந்தது. ஃபியூஸ் கட்டையின் கதையைப் பாருங்கள். 1957இல் தமிழ்நாடு மின்சார வாரியம் உருவான பின்பு, கிராமங்களுக்கு மின்சாரம் பரவப் பரவ, ஒவ்வொரு வீட்டிலும் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டை இடம்பிடித்தது. மின்னோட்டம் மிகுந்தால் அதிலுள்ள கம்பி உருகும். யாராவது நாற்காலி மீதேறிப் புதுக் கம்பி கட்ட வேண்டும். அதற்கென்றே தெருவுக்கு ஓர் ஆள் இருந்தார். கட்டணம் செலுத்தாத வீட்டின் ஃபியூஸை வாரிய ஊழியர் பிடுங்கிச் செல்வார். 'ஃபியூஸ் போய்விட்டது', 'ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள்' என்ற பேச்சுவழக்குகள் இப்படிப் பிறந்தவை. 1924இலேயே ஜெர்மனியின் ஹூகோ ஸ்டோட்ஸ் நிறுவனம் உருவாக்கிய சிறு மின்முறிப்பான், மெல்ல மெல்ல நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கம்பி கட்ட வேண்டியதில்லை. விசையைத் தள்ளினால் போதும். இப்போது திறன் மீட்டரின் காலம். 2021இல் ஒன்றிய அரசு அறிவித்த மின்பகிர்மானத் திட்டத்தின் இலக்கு 25 கோடி முன்கட்டண மீட்டர்கள். இணைப்பைத் துண்டிக்க இனி யாரும் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. தொலைவிலிருந்தே அது முடிந்துவிடும்.

ஃபியூஸ் கட்டை அழுத்தும் தொழிலாளியின் இடத்தில் எந்த எந்திரமும் வந்து உட்காரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் செய்த பொருளே தேவையற்றதாகிக்கொண்டு வருகிறது. கழிவுநீர்க் குழாய்க்குப் பி.வி.சி.யும், ஊறுகாய் ஜாடிக்குப் பிளாஸ்டிக் டப்பாவும், இன்சுலேட்டருக்குச் சிலிகான் ரப்பரும் மாற்றாக வந்த கதையும் இதுவே. தானியங்கிமயத்தால் வேலை இழந்தோரின் கணக்கில் இவர்கள் சேர்வதில்லை. ஏனெனில் எவரும் இவர்களைப் பணிநீக்கம் செய்யவில்லை. ஆர்டர் வருவது குறைந்தது, அவ்வளவுதான். விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையம், 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் வாழ்வாதாரம் ஊர் மாற மாறத் தேய்வதைக் காட்டினார். அதே மண்ணின் பீங்கான் பட்டறைக்கும் நேர்ந்திருப்பது அத்தகைய தேய்வுதான்.

சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். முதலில் கிடைத்த பொன்னின் மாற்றுக் குறைந்திருந்தது என்றும், மீண்டும் பாடிய பின்னரே சரியானது என்றும் அக்கதை சொல்கிறது. 'ஓரிடத்தில் போகும் வேலை இன்னோரிடத்தில் முளைக்கும்' என்று பொருளியலாளர்கள் தரும் ஆறுதலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இக்கதைதான் நினைவுக்கு வருகிறது. வேலை முளைக்கத்தான் செய்கிறது. மணிமுத்தாற்றங்கரையில் போனது மோர்பியிலோ சென்னையின் மென்பொருள் நிறுவனத்திலோ முளைக்கிறது. அச்சு துடைத்த ஐம்பது வயதுப் பெண்மணிக்கு அந்தக் குளம் எட்டாது. எட்டிய இளைஞருக்கோ, கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலையாக, மாற்றுக் குறைந்தே பல வேளைகளில் கிடைக்கிறது.

பழைய ஃபியூஸ் கட்டை திரும்ப வர வேண்டும் என்று நான் வாதிடவில்லை, மின்முறிப்பான் பாதுகாப்பானது. எஞ்சியிருப்பது அகலும் பொம்மையும் போன்ற, கைக்கு மதிப்புள்ள பொருள்கள். அவற்றுக்கும் எண்மக் கட்டுப்பாடு கொண்ட எரிவாயுச் சூளை வேண்டும். அதைத் தனியொருவர் வாங்க இயலாது, தொழிற்பேட்டைக்குப் பொதுவாக வைக்க இயலும். புதிய அச்சுகளைக் கணினியில் வடிவமைக்கப் பீங்கான் படிக்கும் மாணவர் கற்கலாம். எந்த மண்ணுக்கு எந்த நெருப்பு என்பதைப் பழைய சூளைக்காரர் அவருக்குச் சொல்லித் தரலாம். இந்த ஊரைப் பீங்கான் நகரமாக்கியதில் அரசுக்குப் பங்கு இருந்தது. பீங்கானுக்குப் பிறகு இவ்வூர் மக்கள் என்ன செய்வார்கள் என்று யோசிப்பதிலும் அதற்குப் பங்கு இருக்க வேண்டும்.