திண்டுக்கல் மலைக்கோட்டை: நம் வழித்தடத்தின் வரலாறு



கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு திண்டுக்கல் மலைக்கோட்டைக்குச் சென்றிருந்தோம். பாறையில் செதுக்கிய படிகளில் ஏறியபோது ஒரு சிறுவன், "இது யார் கோட்டை?" என்று வினவினான். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கோட்டையை எழுப்பியவர் மதுரை மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர். பின்னர் திருமலை நாயக்கர் இதனை வலுப்படுத்தினார். 1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக இங்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு படைக்கலச் சாலை அமைத்தார். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமான இடமே இன்று பேகம்பூர் என வழங்குகிறது.

1772இல் கணவரைப் போரில் இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார், நாம் பழனி கடந்து செல்லும் வழியிலுள்ள விருப்பாட்சியில் அடைக்கலம் பெற்றார். ஹைதர் அலி அளித்த படையுதவியுடன் 1780இல் தம் நாட்டை மீட்டார்.

மேற்கே பாலக்காட்டில் 1766இல் ஹைதர் அலி கட்டிய கோட்டை உள்ளது. இவ்விரு கோட்டைகளுக்கும் இடையிலான வழியில்தான் நம் மடத்துக்குளம் அமைந்துள்ளது. 1790இல் இரண்டையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் சீமை கும்பெனியிடம் சென்றது. கோவைச் சீமையோ திப்பு சுல்தான் ஷஹீதான 1799 வரை மைசூரிடமே இருந்தது. ஆக, அந்த ஏழாண்டுகள் இரு அரசுகளின் எல்லை பழனிக்கும் உடுமலைக்கும் இடையே, நம் வாசலருகே இருந்தது!

இன்று இக்கோட்டையை இந்தியத் தொல்லியல் துறை செப்பனிட்டுப் பாதுகாக்கிறது. உச்சியில் பழைய கோயிலும், மதிலோரம் வெடிமருந்து அறைகளும் நிற்கின்றன. ஆனால், சுவர்களில் பெயர்களைக் கிறுக்கி வைத்திருப்பதைக் கண்டு மனம் வருந்தியது. பீரங்கிக்குத் தப்பிய சுவர் நம் கைகளுக்குத் தப்பவில்லை.

"நாயக்கர் கட்டினார், ஹைதர் காத்தார், இப்போது இது உன்னுடையது" என்று அச்சிறுவனிடம் கூறினோம். ஒரு சாராருக்கு மட்டும் உரியதென எவரும் சொல்ல இயலாத சொத்து இது.

கோட்டைகளை அரசு காக்கும். நம் வீடுகளிலுள்ள பழைய பத்திரங்களையும், முன்னோர் கணக்கேடுகளையும், மையவாடிக் கல்வெட்டுகளையும் நாம்தாம் காக்க வேண்டும். கரையானுக்கு இரையாகுமுன் அவற்றைப் படியெடுத்து வைப்போம். பெரியவர்கள் அறிந்தவற்றை இளைஞர்கள் கேட்டு எழுதி வைப்பார்களாக!