கொள்முதலும் தொழிற்சங்கமும்

கல்முனையிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் வேளாண்மை வெட்டிச் சூடு மிதித்து முடிந்ததும், 1950களில், நெல் மூடைகள் கூட்டுறவுச் சங்கத்தை நோக்கிப் புறப்படும். புசல் ஒன்றுக்கு 12 ரூபா உத்தரவாத விலை கொடுத்து அரசாங்கம் அந்நெல்லை வாங்கியது. நெல்லில் ஈரம் உண்டா, பதர் உண்டா என்று பார்ப்பார்களேயன்றி, மூடையைக் கொண்டுவந்தவர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்று வினவ விதியில் இடமில்லை. வாங்குகிறவன் விற்கிறவனுடைய வாக்குக்கும் சேர்த்து விலை பேசத் தொடங்கினால் என்ன நிகழும்? அதே காலத்தில் இத்தாலியின் துரின் நகரத்தில் அது நிகழ்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கா, மேற்கு ஐரோப்பாவின் பாதுகாப்புக்கு வேண்டிய தளவாடங்களிற் பலவற்றை அந்நாட்டுத் தொழிற்சாலைகளிலேயே டாலர் கொடுத்துச் செய்வித்தது. கடல்கடந்த கொள்முதல் என்று அத்திட்டத்தைச் சொல்லலாம். நேச நாடுகளுக்கு ஆயுதம் கிடைத்தது. அங்குள்ள தொழிலாளருக்கு வேலை கிடைத்தது. டாலர் பற்றாக்குறைக்கும் ஓரளவு பரிகாரமாயிற்று. ஆனால் இத்தாலியில் ஒரு சங்கடம் இருந்தது. அந்நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கச் சம்மேளனம் பொதுவுடைமைக் கட்சியினரதும் சோசலிஸ்டுகளதும் தலைமையில் இயங்கியது. அமெரிக்கப் பணத்தால் நடக்கும் ஆலையில் அமெரிக்காவை எதிர்க்கும் சங்கம் ஆட்சி செலுத்துவதா என்ற கேள்வி வாஷிங்டனில் எழுந்தது.

1953இல் உரோமாபுரிக்குத் தூதுவராக வந்த கிளேர் பூத் லூஸ் அம்மையார் இவ்விடயத்தில் கண்டிப்பானவர். தொழிலாளர் தம் பிரதிநிதிகளைத் தெரிவு செய்யும் தேர்தலில் பொதுவுடைமையாளரின் சங்கம் பெரும்பான்மை பெறும் ஆலைகளுக்கு அமெரிக்க ஒப்பந்தம் இல்லை என்ற கொள்கை 1954இல் வலுப்பெற்றது. போர் விமானம் கட்டும் பணியைப் பெற்றிருந்த பியட் நிறுவனத்தின் தலைவர் வல்லெட்டாவுக்கு இதன் பொருள் நன்றாக விளங்கிற்று. தொழிலாளிக்கும் விளங்கிற்று. வாக்குச் சீட்டிலே இடும் புள்ளடி, மறுநாள் அடுப்பு எரியுமா என்பதையும் தீர்மானிக்கக்கூடும் அல்லவா?

1954இல் பியட் ஆலைகளில் நூற்றுக்கு 60க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்ற அச்சங்கம், 1955 மார்ச்சில் நூற்றுக்கு 40க்கும் கீழே இறங்கியது. உலகமே திரும்பிப் பார்த்த தோல்வி அது.

எனினும் அதனை ஒப்பந்தத்தின் வெற்றியென்று மட்டும் சொல்லிவிடுதல் நேர்மையாகாது. வல்லெட்டா, சங்கத் தொண்டர்கள் பலரைத் தனிப் பட்டறைக்கு ஒதுக்கினார். பலரை வேலையினின்றும் நீக்கினார். சம்மேளனத் தலைவர் தி வித்தோரியோவோ பழியைப் பிறர்மேல் மட்டும் சுமத்தவில்லை. புதிய இயந்திரங்களும் புதிய சம்பள முறைகளும் ஆலைக்குள் கொணர்ந்த மாற்றத்தைத் தம் சங்கம் காணத் தவறிவிட்டதென வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தோற்ற தலைவர்கள் இவ்வாறு பேசுவது அரிது. ஆலை வாயிலுக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. 1953இலும் 1958இலும் நடந்த இத்தாலியப் பொதுத் தேர்தல்களில் பொதுவுடைமைக் கட்சி ஏறக்குறைய ஒரே அளவான வாக்குகளை, நூற்றுக்கு 22க்குச் சற்று மேலாக, பெற்றது.

வாங்கும் கையின் அழுத்தத்தை இலங்கையும் அதே ஆண்டுகளில் உணர்ந்தது. இங்கே குறிவைக்கப்பட்டது தொழிற்சங்கமன்று, வணிகம். கொரியப் போர்க் காலத்தில் ஏறிய இறப்பர் விலை 1952இல் சரிந்து கிடந்தது. அரிசியின் விலையோ ஏறி நின்றது. கீழ்க்கரையில் விளைந்த நெல் நாடு முழுவதற்கும் போதாது. அமெரிக்கா இறப்பருக்குச் சந்தை விலைக்குமேல் தர இசையவில்லை. வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்றார். ஆண்டுக்கு 2,70,000 மெற்றிக் தொன் அரிசி வரும், 50,000 மெற்றிக் தொன் இறப்பர் போகும் என்ற ஐந்தாண்டு ஒப்பந்தம் 1952 டிசம்பரில் கைச்சாத்தாயிற்று. பொதுவுடைமை நாடுகளுக்குப் போர்த் தேவைப் பொருள் அனுப்புவோருக்கு உதவியில்லை என்னும் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. இத்தனைக்கும் அந்நாளில் கொழும்பில் ஆட்சி செய்தது பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி!

உதவி நின்றிருந்த அந்த 1953ஆம் ஆண்டிலேயே, நிதி நெருக்கடியைச் சமாளிக்க, கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. நெல் விளைவித்த போடியாருக்கு இச்சுமை பெரிதன்று; கூப்பனை நம்பியிருந்த மருதமுனை நெசவாளிக்கும் கரைவலை இழுப்போருக்கும் அப்படியன்று. இடதுசாரிக் கட்சிகளும் அவற்றின் தொழிற்சங்கங்களும் ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலுக்கு அறைகூவின. மேற்கிலும் தெற்கிலும் புகைவண்டிகள் நின்றன. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் மந்திரிசபை கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

அமெரிக்க உதவி 1956இல் மீண்டது. அதற்குள் இறப்பர் கப்பல்கள் சீனத்துக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது; அவ்வொப்பந்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது.